அட்டவணையிலிருந்து கோட்டுக்கு

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் பூண்டி 3,231 மில்லியன் கன அடி கொள்ளும். சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. நான்கும் சேர்த்து 11,257. இவற்றில் இன்றைக்கு எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் குடிநீர் வாரியம் தன் இணையப் பக்கத்தில் நாள்தோறும் அட்டவணையாகப் போடுகிறது. 2019 ஜூனில் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றிக் கிடந்தபோது, 2004 முதலான அன்றாட எண்களைத் தொகுத்து ஒரே கோடாக வரைந்து காட்டினார்கள் தரவு ஆர்வலர்கள். பதினைந்து வருடத்து ஏற்ற இறக்கம் ஒரு பார்வையில் புரிந்தது. அட்டவணையாக இருந்தவரை இந்த எண்களில் அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை.

டேட்டாபேஸில் கிடக்கும் எண்ணைத் திரையில் கோடாக்குவது இன்றைக்கு ஒரு மாலைநேர வேலை. இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் அது ஓர் அலுவலகத்துக்கு ஒரு வார வேலை. அதற்கும் முன்னால், பெரும்பாலோர் தொடாத வேலை. இந்த மாற்றத்தைச் சொல்கிறவர்கள் வழக்கமாகப் படம் அழகானதைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, சிரமம் இடம் மாறியிருப்பது.

தொண்ணூறுகளின் நடுவில் பிரவுசருக்குக் கோடு போடத் தெரியாது. எழுத்தைக் காட்டும், படத்தைக் காட்டும், அவ்வளவுதான். ஆகவே சர்வர்தான் படத்தை வரைந்து அனுப்ப வேண்டும். பக்கத்தை யாராவது திறந்தால் சர்வரில் ஒரு நிரல் ஓடும், எண்களைப் படிக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் போட்டு ஒரு ஜிஃப் படமாக்கித் தள்ளிவிடும். இதற்குப் பலரும் பயன்படுத்தியது தாமஸ் பூட்டெல் எழுதிய ஜி.டி. என்ற நிரல்தொகுப்பு. ஜிஃப் படத்தைச் சுருக்கும் முறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. கட்டணம் கேட்கிறோம் என்று 1994 கடைசியில் செய்தி வந்ததும் ஒரே கலவரம். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பி.என்.ஜி. படவடிவம். ஜி.டி.யும் 1999இல் ஜிஃப்பைக் கைகழுவி, காப்புரிமைகள் காலாவதியான பிறகு 2004இல்தான் மறுபடி சேர்த்துக்கொண்டது. ஏரி மட்டத்துக்கு ஒரு கோடு வரைய இத்தனை சட்டச் சிக்கலா என்று கேட்டால், ஆமாம், இத்தனை இருந்தது.

அந்தக் காலத்து சார்ட்டுகளில் மிகப் பரவலாகப் பார்க்கப்பட்டது எம்.ஆர்.டி.ஜி. என்ற நிரல் வரைந்ததாகத்தான் இருக்கும். டோபியாஸ் எடிக்கர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், வெளியுலகத்தோடு ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு மட்டுமே இருந்த ஓர் இடத்தில் வேலை பார்த்தபோது, அதில் போக்குவரத்து எவ்வளவு என்று எல்லோருக்கும் காட்ட எழுதியது அது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை எடுத்து, பச்சைப் பரப்பும் நீலக் கோடுமாக வரையும். இணையச் சேவை நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பச்சையும் நீலமும் கண்ணிலேயே நிற்கும். பிறகு 1999இல் அவரே ஆர்.ஆர்.டி.டூல் எழுதினார். அதன் டேட்டாபேஸ் வளரவே வளராது. தொடங்கும்போதே எத்தனை இடம் என்று நிர்ணயித்துவிடுவார்கள். இடம் நிறைந்ததும் செக்குமாடு போல முதல் இடத்துக்கே திரும்பிப் பழையதன்மேல் எழுதும். ஆண்டுக் கணக்குக்குச் சராசரிதான் மிஞ்சும். படத்தில் எத்தனை புள்ளி தெரியுமோ அதற்கு ஏற்ற அளவில் டேட்டாபேஸையே வெட்டித் தைத்த வேலை அது. அத்தனை சிக்கனம் இன்று யாருக்கும் தோன்றாது.

தமிழில் பெயர் எழுத வேண்டியவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. சர்வரில் படம் வரைந்த அன்றைய தொகுப்புகளுக்கு எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கத் தெரியாது. யூனிகோடில் ‘கொள்ளளவு’ என்று கொடுத்தால் முதலில் ககரம், பிறகு கொம்பு, பிறகு கால் என்று வந்த வரிசையிலேயே அச்சடித்துவிடும். கொம்பை முன்னால் தட்டச்சும் பழைய எழுத்துருக் குறியேற்றங்களில் கொடுத்தால் ஒழுங்காக வரும். உலகமே யூனிகோடுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், படத்துக்குள் மட்டும் பழைய எழுத்துருவை விடாமல் வைத்திருந்த தமிழ்ப் பக்கங்களுக்கு இது ஒரு நியாயமான காரணம். பலர் இந்த வம்பே வேண்டாமென்று ஏரிகளின் பெயரை ஆங்கிலத்தில் போட்டார்கள்.

இவையெல்லாம் முயன்று பார்த்தவர்களின் கதை. முயலாத பெரும்பான்மை அலுவலகங்களில் நடந்தது வேறு. எக்செல்லில் சார்ட் போட்டு, பிரிண்ட் ஸ்க்ரீன் அடித்து, பெயின்டில் ஒட்டி, ஓரம் வெட்டி, எஃப்.டி.பி.யில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த மாதமும் அதே. ஒருவர் விடுப்பில் போனால் சார்ட்டும் விடுப்பில் போகும்.

இதை மாற்றியது, பிரவுசரில் அசையும் படங்களை ஓட்டிய ஃப்ளாஷும், தரவை டேக் போட்டு அனுப்பும் எக்ஸ்.எம்.எல்.லும் சேர்ந்த கூட்டணி. அந்தக் கூட்டணியில் பெயர் வாங்கிய பொருள் கொல்கத்தாவிலிருந்து வந்தது என்பது நம் ஊர்ப் பக்கம் அதிகம் பேசப்படாத செய்தி. 2002இல் பல்லவ் நத்தானிக்கு 17 வயது. எக்செல் சார்ட்டுகளைப் பார்த்துச் சலித்துப்போய், ஃப்ளாஷில் அசைகிற சார்ட் செய்தால் என்ன என்று தொடங்கியதுதான் ஃப்யூஷன்சார்ட்ஸ். 2009இல் அமெரிக்க அரசு தன் தகவல்தொழில்நுட்பச் செலவுகளை மக்களுக்குக் காட்டத் திறந்த இணையப் பலகையில் ஓடியதும் இந்தக் கொல்கத்தா சார்ட்டுதான்.

அந்தத் தலைமுறை எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். இன்று திரைக்குப் பின்னால் மறைந்துபோன வேலைகளெல்லாம் அங்கே கண்ணெதிரே கிடந்தன.

மூன்று துண்டுகள் வேண்டும். முதலாவது, சார்ட்டை வரையத் தெரிந்த ஃப்ளாஷ் கோப்பு. தூண் சார்ட்டுக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று, வட்டத்துக்கு ஒன்று. இரண்டாவது, அதை உட்கார வைக்கும் இணையப் பக்கம். மூன்றாவதுதான் உயிர்: கண்ணுக்குத் தெரியாத ஒரு தரவுப் பக்கம். ஏ.எஸ்.பி.யிலோ பி.எச்.பி.யிலோ எழுதப்பட்ட அந்தப் பக்கம் ஆக்சஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸைத் திறந்து, குவெரியை ஓட்டி, வரிசையாக வந்த பதிவுகளை லூப்பில் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக் ஒட்டி எக்ஸ்.எம்.எல்.லாக்கி அனுப்பும். பெயர் இது, மதிப்பு இது, நிறம் இது. ஃப்ளாஷ் அதை வாங்கித் தூண்களை ஒவ்வொன்றாக எழுப்பும். மௌஸை வைத்தால் எண் தெரியும். முதல் தடவை பார்த்த மேலாளர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்த காலம் அது.

எக்ஸ்.எம்.எல். 1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளியானது. மனிதனும் படிக்கலாம், இயந்திரமும் படிக்கலாம் என்பது அதன் பெருமை. டேக் பெயர்களையே தமிழில் வைத்துக்கொள்ளவும் அதன் விதி இடம் தருகிறது: ‘ஏரி’ என்று ஒரு டேக், ‘இருப்பு’ என்று ஒரு பண்பு. தரவுக்குத் தமிழிலேயே கட்டமைப்பு வைக்கக் கிடைத்த இந்த வாய்ப்பை நாம் சீந்தவே இல்லை.

பெருமைக்குப் பின்னால் பிடிவாதமும் இருந்தது. ஒரு டேக் மூடாமல் விட்டால் மொத்தத்தையும் தூக்கி எறியும். நிறுவனத்தின் பெயரில் ஒரு ‘அண்ட்’ குறி இருந்துவிட்டால் போதும். ‘அண்ட் சன்ஸ்’, ‘அண்ட் கோ’ என்று முடியாத கடை நம் ஊரில் ஏது? அந்தக் குறியை நேராக எழுதுவது எக்ஸ்.எம்.எல்.லில் குற்றம். தூண்கள் எழும்ப வேண்டிய இடத்தில் ‘தரவு செல்லாது’ என்ற ஒற்றை வரி ஆங்கிலத்தில் நிற்கும். எந்த வரியில் தப்பு என்று அது சொல்லாது. தரவுப் பக்கத்தைத் தனியே பிரவுசரில் திறந்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் அல்லாத எழுத்து இருந்தால் கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் வைக்க வேண்டும். மறந்தால் பெயரெல்லாம் கிறுக்கலாகும். டேட்டாபேஸில் எண்ணை மாற்றியும் சார்ட் மாறாவிட்டால் பிரவுசர் பழைய எக்ஸ்.எம்.எல்.லைச் சேமித்து வைத்திருக்கிறது என்று பொருள். முகவரியின் வாலில் அந்த நொடியின் நேரத்தை ஒட்டி அதை ஏமாற்றுவார்கள். ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் வந்ததை அப்படியே குவெரிக்குள் ஒட்டி எழுதிய பக்கங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அந்தப் பெட்டி வழியாக விஷமிகள் டேட்டாபேஸுக்குள்ளேயே இறங்கலாம் என்பது பலருக்கு இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

இணைப்பின் வேகமும் ஓர் ஆசிரியர் போல இருந்து கண்டித்தது. நான்கு ஏரி, பதினைந்து வருடம், நாளுக்கு ஓர் எண் என்றால் சுமார் 22 ஆயிரம் எண்கள். டேக்கோடு சேர்த்து ஓர் எண்ணுக்கு 45 எழுத்து என்று வைத்தால் ஏறக்குறைய ஒரு எம்.பி. தொலைபேசிக் கம்பியில் 56 கே மோடம் நொடிக்கு ஐந்து கிலோபைட் இறக்கினால் அதிகம். ஆக, சார்ட் வர மூன்று நிமிடத்துக்கு மேல். யார் காத்திருப்பார்? ஆகவே டேட்டாபேஸிலேயே மாதவாரியாகக் கூட்டிச் சராசரி எடுத்து ஒரு கைப்பிடி எண்களை மட்டும் அனுப்பினார்கள். எதைக் கூட்டுவது, எதை விடுவது என்று குவெரி எழுதுகிறவர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. இதில் இழப்பும் உண்டு. சென்னையில் பெருவெள்ளம் வந்த 2015 டிசம்பரை மாதச் சராசரியில் பார்த்தால் செம்பரம்பாக்கம் நிறைந்த ஏரி, அவ்வளவுதான். எந்த நாளில் என்ன நடந்தது என்பது அதற்குள் கரைந்துவிடும்.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. அந்தச் சார்ட்டுகளில் பெரும்பாலானவை முப்பரிமாணத்தில், கண்ணாடிப் பளபளப்போடு, நிழல் விழ நின்றன. சாய்ந்து கிடக்கும் முப்பரிமாண வட்டத்தில் நம் பக்கம் இருக்கும் துண்டு எப்போதும் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். விற்பனைக் கூட்டங்களில் அது வேண்டுமென்றே பயன்பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு வந்த மாற்றங்கள் வேகமானவை. பக்கத்தை மறுபடி ஏற்றாமலே சர்வரிடம் தரவு கேட்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் தன் இணைய அஞ்சல் திட்டத்துக்காக 1999இலேயே எக்ஸ்ப்ளோரர் 5இல் வைத்திருந்தது. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அதற்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயர் வைத்ததும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். டக்ளஸ் க்ராக்ஃபோர்ட் முன்வைத்த ஜேசன் என்ற தரவு வடிவம், எக்ஸ்.எம்.எல்.லைவிடக் கச்சிதமாக இருந்ததால் சில வருடங்களிலேயே அதன் இடத்தைப் பிடித்தது. தரவு கேட்கும் அந்தக் கருவியின் பெயரில் மட்டும் எக்ஸ்.எம்.எல். இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவே 2007 டிசம்பரில் கூகுள் ஒரு விநோதம் செய்தது. எண்களை முகவரியிலேயே எழுதி அனுப்பினால் சார்ட்டைப் படமாகத் திருப்பித் தரும். முகவரி நீண்டுவிடக் கூடாதே என்று 0 முதல் 61 வரையிலான எண்களுக்கு ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் குறியீடு. சங்கேதத் தந்தி அனுப்புவதாகவே தோன்றும். 2012இல் கைவிடுவதாக அறிவித்து, 2019இல் அதை மூடினார்கள்.

ஃப்ளாஷின் முடிவு ஐஃபோனில் தொடங்கியது. 2007இல் வந்த அந்தக் கருவியில் ஃப்ளாஷுக்கு இடமில்லை. அதற்குள் பிரவுசரே கோடு போடக் கற்றுக்கொண்டிருந்தது. கோடுகளையும் வடிவங்களையும் எழுத்தாலேயே விவரிக்கும் எஸ்.வி.ஜி. 2001 முதல் தரநிர்ணயமாக இருந்தும், மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ப்ளோரர் 9 வந்த 2011இல்தான் அதை ஏற்றது. நார்வேயின் மேற்கில் விக் என்ற சிற்றூரில், மலையில் பனி எத்தனை ஆழம் என்று தன் பக்கத்தில் சார்ட் போட நினைத்தவர் டார்ஸ்டைன் ஹென்சி. அவர் எழுதியதுதான் 2009இல் ஹைசார்ட்ஸ் ஆனது. ஏரிக்குப் பதில் பனி. மற்றபடி நம் கதையேதான்.

2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மைக் போஸ்டாக், ஜெஃப்ரி ஹியர், வாடிம் ஒகியவெட்ஸ்கி மூவரும் டி3 என்ற நிரல்தொகுப்பைத் தந்தார்கள். அதில் தூண் சார்ட், கோட்டு சார்ட் என்று ஆயத்தமாக எதுவும் இல்லை. தரவின் ஒவ்வொரு வரியையும் திரையில் இருக்கும் ஒவ்வொரு வடிவத்தோடு முடிச்சுப் போட்டுக் கொடுக்கும். புதிய வரி வந்தால் புதிய வட்டம் பிறக்கும், வரி போனால் வட்டம் மறையும், எண் மாறினால் வட்டம் நகரும். கற்றுக்கொள்ளக் கடினம்தான். ஆனால் தரவுக்கும் படத்துக்கும் உள்ள உறவை அவ்வளவு நேர்மையாகச் சொன்ன கருவி வேறில்லை. அந்தக் கடினம் வேண்டாதவர்களுக்கு 2013இல் சார்ட்.ஜேஎஸ் வந்தது. இருபது வரிகூட வேண்டாம். ஏரி மட்டம் கோடாக வந்து நிற்கும், ஏரிகளின் பெயரும் தமிழிலேயே கொம்பு தவறாமல் வரும்.

2020 கடைசியோடு அடோபி ஃப்ளாஷை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அதன் கோப்புகள் ஓடாமல் தடுக்கப்பட்டன. அன்றோடு இணையத்தின் ஒரு தலைமுறைச் சார்ட்டுகள் சாம்பல் நிறக் கட்டங்களாயின. இதில் ஒரு முரண் இருக்கிறது. 1997இல் சர்வர் வரைந்து போட்ட ஜிஃப் படம், ஆவணக் காப்பகத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், இன்றும் அப்படியே தெரியும். 2006இன் ஃப்ளாஷ் சார்ட்டை ஓட வைக்க இன்று மாற்றுக் கருவிகள் உண்டு. ஆனால் ஓடியும் பயனில்லை. அது எண்களைக் கேட்கும் தரவுப் பக்கம் இல்லை, அதற்குப் பின்னால் இருந்த டேட்டாபேஸ் இல்லை. இன்றைய ஜேசன் சார்ட்டுகளுக்கும் இதே விதிதான். சர்வரை நிறுத்தினால், அடுத்த நிமிடம் வெறும் அச்சுக்கோடுகள் மிஞ்சும்.

புதிய முறையின் வலிமையை நாடே பார்த்தது 2020 மார்ச்சுக்குப் பிறகு. தன்னார்வலர்கள் நடத்திய ‘கோவிட்19இந்தியா’ தளம் மாநிலம், மாவட்டம் வாரியாகத் தொற்றைக் காட்டியது. மாநில அரசுகள் வெளியிட்ட அறிக்கைகளைப் படித்து கூகுள் ஷீட்டில் ஏற்றினார்கள். அங்கிருந்து ஜேசனாகி சார்ட்டுக்குப் போனது. அந்த ஜேசனை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். ஒரே தரவிலிருந்து ஊருக்கு ஊர் சார்ட்டுகள் கிளைத்தன. 2021 அக்டோபர் 31ஆம் தேதியோடு தளம் நிறுத்தப்பட்டது.

இந்தத் தளத்தில் படம் வரைவது சுலபமான பாகம். கண் விழித்தது பி.டி.எஃப். அறிக்கையிலிருந்து எண்ணைப் பெயர்த்து எடுப்பதற்கு. தமிழ்நாட்டின் அன்றாட அறிக்கை விரிவாக, ஒழுங்காக இருந்தது; ஆனால் அதுவும் பி.டி.எஃப். அன்று ஏ.எஸ்.பி. லூப்பில் இருந்த உழைப்பு இன்று தரவின் வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறது.

2020 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அறிவித்த கோவிட் இறப்புகள் 518. அதில் 444, முன்பே நடந்து கணக்கில் சேராமல் விடுபட்டவை. ஒரு குழு ஆராய்ந்து சேர்க்கச் சொன்னது. சார்ட்டில் என்ன தெரியும்? ஒரே நாளில் வானளாவ ஒரு தூண். மறுநாள் மறுபடி கீழே. விவரம் தெரியாமல் அதைப் பார்க்கிறவர் அன்றைக்கு ஏதோ பெருவிபத்து என்றுதான் நினைப்பார். டேட்டாபேஸில் தேதி ஒரு கட்டம், எண் ஒரு கட்டம். ‘இது பழைய பாக்கி’ என்று எழுதக் கட்டம் இல்லாவிட்டால் நிரல் தனக்கு வந்ததை வரையும். பொறுப்பான தளங்கள் ஓரத்தில் குறிப்பு வைத்தன. அந்தத் தரவை எடுத்துத் தாங்களும் சார்ட் போட்ட எத்தனையோ பக்கங்களுக்கு அந்தக் குறிப்பு போய்ச் சேரவில்லை.

இன்னும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. ஏரிக்கு ஒரு நாள் அளவு எடுக்கவில்லை, கட்டம் காலி. ஜாவாஸ்கிரிப்ட்டில் காலி எழுத்தை எண்ணாக்கச் சொன்னால் பூஜ்யம் என்று தரும். கோடு சட்டென்று தரைக்கு இறங்கி மறுநாள் ஏறும். வேறு வருடமாக இருந்தால் பார்த்தவுடனே சிரித்துவிட்டுத் திருத்தலாம். 2019இல்? அன்று ஏரியில் தண்ணீரே இல்லாமலும் இருந்திருக்கலாம். வற்றிய ஏரியும் அளக்காத ஏரியும் ஒரே புள்ளியாகிவிடுகின்றன. ‘மதிப்பு இல்லை’ என்பதைத் தனியாகச் சொல்ல ஜேசனில் வழி இருக்கிறது. அப்படிக் கொடுத்தால் சார்ட்டும் அந்த இடத்தில் கோட்டை அறுத்து இடைவெளி விடும். கொடுப்பவர் கொடுக்க வேண்டும்.

தேதியும் அப்படியே. ‘01-06-2019’ என்று நாம் எழுதுவதைப் பல பிரவுசர்கள் ஜனவரி 6 என்று படிக்கும். 13ஆம் தேதி வந்ததும் பதின்மூன்றாவது மாதம் ஏது என்று செல்லாததாக்கிவிடும். விளைவு, ஒரு மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள் வருடம் முழுக்கச் சிதறும், மீதி காணாமல் போகும். வருடத்தை முன்னால் வைத்து எழுதினால் இந்தக் குழப்பம் தீரும். ஆனால் அதை உலகப் பொது நேரத்து நள்ளிரவு என்று பிரவுசர் எடுத்துக்கொள்வதால், சென்னையில் ஜூன் 1 என்று தெரிவது நியூ ஜெர்சியில் இருக்கும் உறவினர் திரையில் மே 31 ஆகும். அச்சில் இருக்கும் எண்களோ பெரும்பாலும் மில்லியன் கணக்கு. லட்சம், கோடியில் நினைக்கிற வாசகர் மனதுக்குள் பெருக்கிக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது. லட்சத்துக்கும் கோடிக்கும் காற்புள்ளி வைக்கும் வசதி இன்றைய கருவிகள் பலவற்றில் உண்டு. ஒரு வரி மாற்றம். செய்கிறவர்கள் குறைவு.

அன்று தவறு நேர்ந்தால் சார்ட் வராது. மூடாத ஒரு டேக் மொத்தத்தையும் நிறுத்தியது. இன்று தவறு நேர்ந்தாலும் சார்ட் வரும், அழகாகவே வரும். குவெரியும் லூப்பும் எழுதிய பழைய ஆளுக்கு அந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் பழக்கம்; எந்த மாதத்தில் எண் விடுபட்டது, எந்த ஊரில் அளவுகோல் மாறியது என்று வாயாலேயே சொல்வார். இன்று தரவு தருகிறவர் ஒருவர், ஜேசனாக்குகிறவர் ஒருவர், வரைகிறது ஒரு தொகுப்பு. அந்தச் சில வரி நிரலையும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டே வாங்கிக்கொள்கிறார்கள். காலிக் கட்டத்தை என்ன செய்வது என்று நாம் சொல்லாவிட்டால் அதுவாக ஒன்றை ஊகித்துக்கொள்ளும். நடுவில் அட்டவணையைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லாமலேயே ஒரு சார்ட் லட்சம் பேரைப் போய்ச் சேர்ந்துவிடலாம். பழைய சிரமம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை; எக்ஸ்.எம்.எல். கையால் எழுதியவர் எவரும் அதைச் சொல்லமாட்டார். ஆனால் அந்தச் சிரமத்தின் துணைப்பயனாக நடந்துவந்த சரிபார்ப்பு இன்று யாருடைய வேலையும் இல்லை என்பது நல்லதல்ல.

மத்திய அரசின் திறந்த தரவுத் தளம் 2012இல் தொடங்கப்பட்டது. ஆனாலும் துறைகளின் அன்றாட அறிக்கைகள் இன்னும் பி.டி.எஃப்.பிலும், எடுத்து ஒட்ட முடியாத அட்டவணைகளிலும்தான் பெரும்பாலும் வருகின்றன. வெளியிடும் அதிகாரிகளிடம் கேட்பது இவ்வளவுதான்: அறிக்கையோடு அதே எண்களை ஒரு சி.எஸ்.வி. கோப்பாகவும் போடுங்கள், தேதியை வருடம் முன்னால் வைத்து எழுதுங்கள், அளக்காத நாளுக்குப் பூஜ்யம் போடாமல் காலியாக விடுங்கள், பழைய பாக்கியைச் சேர்க்கும் நாளில் அதற்கென்று ஒரு கட்டம் வையுங்கள். சார்ட் போடுகிறவர்கள் படத்துக்குக் கீழே தரவையும் இறக்கிக்கொள்ளக் கொடுங்கள். படிக்கிறவர்கள், கோடு திடீரென்று விழுந்தாலோ எழுந்தாலோ, பகிர்வதற்கு முன்னால் அந்த ஒரு நாளின் அட்டவணையைத் திறந்து பாருங்கள்.